ஊதல் அண்ணையும் பக்கத்து சீட்டும்

சட்டத்திடமிருந்து தப்பி ஓடிய குற்றவாளிகள் ஆயிரம் பேரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடி, "எனக்குத் தந்த தண்டனை காணாது, இன்னும் கொஞ்சம் போட்டுத் தாங்கோ" என்று மன்றாடிய குற்றவாளி உலகத்திலேயே ஒருவர்தான். லண்டனில், மிச்சம் என்று பெயர் கொண்ட பகுதியில், அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் மூன்று வருடம் குடியிருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் ஊதல் அண்ணை. தொழில், தமிழ்க் கடைகளுக்கு வேனில் மரக்கறி கொண்டுபோய்ப் போடுவது. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே வாழ்ந்ததாலோ என்னவோ, ஆளும் அந்த உயரம், அந்த ஒல்லி. நான் கோயம்புத்தூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காக வந்தவன். அவரை "அண்ணே" என்று கூப்பிட்ட முதல் நாளே, "அண்ணே இல்லை தம்பி, அண்ணை" என்று திருத்தினார். மூன்று வருடமும் திருத்தினார். நானும் திருந்தவில்லை.

கதை ஒரு சாமத்திய வீட்டில் தொடங்குகிறது. பெண் பிள்ளை பெரியவளானதற்கு எடுக்கும் விழாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரிய மண்டபம், வாசலில் வாழைமரம். மண்டபத்துக்குள் பாயசம். ஆண்களுக்கான பாயசம் கார் பார்க்கில். இது லண்டன் தமிழர்களின் எழுதப்படாத ஏற்பாடு. உள்ளே தட்டு வரிசை ஏறும்போது வெளியே யாராவது ஒருவருடைய கார் டிக்கி திறக்கும். "ஒருக்கா வெளியில போட்டு வாறன்" என்று ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். ஃபோட்டோ எடுக்கும் நேரத்தில் மேடையில் மாமன்மார் எல்லோரும் அசாதாரணமான அன்போடு நிற்பார்கள். திரும்பும்போது மனைவிமார் ஓட்டுவார்கள்.

அண்ணையின் மனைவிக்கு ஓட்டத் தெரியாது. அண்ணை ஓட்டினார்.

பார்க்கிங்கை விட்டு வெளியே வருவதற்குள் வாசல் வாழைமரம் இரண்டும் வேனின் முன்கண்ணாடியில் படுத்திருந்தன. போலீஸ் வந்து ஊதச் சொன்னது. அண்ணை பதற்றத்தில் ஊதுவதற்குப் பதிலாக உள்ளே இழுத்தார். மூன்று முறை இழுத்தார். "சேர், உது அடைச்சுப் போய்க் கிடக்கு" என்று கருவியின் மேலேயே குற்றம் சாட்டினார். நான்காம் முறை ஊதியபோது கருவி தன் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலே லைசென்ஸ் போய்விட்டது.

இதுவரை எல்லோரும் சிரிக்கும் கதை. சிரிக்காதவர் ஒருவர் உண்டு. அந்த வேனில் பக்கத்து சீட்டில் மடியில் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணையின் மனைவி. எனக்கு அக்கா. அந்த வாழைமரத்தடியில் அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை நாலைந்து பிள்ளைகள் பலூன் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஐஸ்கிரீம் என்று கூப்பிட்டதால் உள்ளே ஓடியிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தவர். வேனை விட்டு இறங்கியவர், பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அண்ணை ஓட்டும் வாகனத்தில் ஏறவில்லை.

அக்கா சண்டை போடும் ஆள் இல்லை. சோறு போடுவார், சட்டைக்கு இஸ்திரி போடுவார், நாடகம் பார்த்துச் சேர்ந்து சிரிப்பார். வேன் என்றால் மட்டும் இல்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்த அன்று அண்ணை வேனைக் கழுவி, சாம்பிராணி காட்டி, பக்கத்து சீட்டுக்குப் புது உறை போட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும், ஏறும். கோயிலுக்குப் போவம்."

"நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸிலை வாறன்."

அக்கா பஸ்ஸில் போனார். வழியில் மழை வந்துவிடும், அவரிடம் குடை இல்லை என்று அண்ணை வேனில் பின்னாலேயே போனார். அன்று நானும் வேனில் இருந்தேன். பஸ் நின்ற இடமெல்லாம் நாங்களும் நின்றோம். ஐந்தாவது ஸ்டாப்பில் பஸ் டிரைவர் இறங்கி வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். "உள்ளுக்கை என்ரை வைஃப்" என்று அண்ணை பஸ்ஸைக் காட்டினார். டிரைவர் என்ன புரிந்துகொண்டாரோ, அதற்குப் பிறகு பஸ் பறந்தது. பஸ் மட்டும் போகும் லேனில் போனதற்குக் கவுன்சிலிலிருந்து வந்த அபராதக் கடிதம்தான் அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த பிரசாதம்.

அப்போதுதான் யாரோ அவரிடம் வேறொரு ஊதும் கருவியைப் பற்றிச் சொன்னார்கள். வண்டிக்குள் பொருத்திவிட்டால், அண்ணை பாஷையில் பூட்டிவிட்டால், ஊதிக் காட்டினால்தான் எஞ்சின் எடுக்கும். மூச்சில் மது இருந்தால் எடுக்காது. சில நாடுகளில் குடித்து ஓட்டி மாட்டியவர்கள் இதைப் பூட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், அண்ணை தானே போய்ப் பூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் வாங்கியது வெறுமனே ஊதினால் போதாத வகை. ஊதிக்கொண்டே தொண்டையால் முனகவும் வேண்டும். மனிதன்தான் ஊதுகிறான், பலூனோ பம்போ இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவே "ம்ம்ம்ம்ம்" என்ற சத்தத்தில்தான் விழிக்கும். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் அதைத் தியானம் என்று நினைத்து, ஒருநாள் தனக்கும் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்.

ஓட்டத்தின் நடுவிலும் கருவி திடீரென்று கூப்பிடும். ஓரங்கட்டி ஊத வேண்டும். ஒருமுறை டூட்டிங் பக்கம் நிறுத்தி, கண் பிதுங்க ஊதிக்கொண்டிருந்தார். வழியில் போன ஒரு மூதாட்டி ஆளுக்கு வலிப்பு இழுக்கிறது என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினார். பாதியில் விட்டால் முதலிலிருந்து ஊத வேண்டும் என்பதால் அண்ணை கண்ணால் மட்டும் பதில் சொன்னார். அந்தக் கண்களைப் பார்த்த மூதாட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்களிடம் அண்ணை விளக்கியதை என்னிடம் அப்படியே சொன்னார்: "எனக்கு ஒண்டுமில்லை சேர். வேனுக்குத்தான் என்னிலை சந்தேகம்."

இவ்வளவு பாடுபட்டும் அக்கா அசையவில்லை.

"இண்டைக்கு நீங்களாப் பூட்டினியள். நாளைக்கு நீங்களாக் கழட்டுவியள்" என்றார். "சட்டம் போட்டுப் பூட்டினால் கழட்டேலாது. அப்ப ஏறுறன்."

வேறு கணவனாக இருந்தால் இதை 'முடியாது' என்று புரிந்துகொண்டிருப்பான். அண்ணை சட்டத்தைக் கொண்டுவரக் கிளம்பினார்.

முதலில் தொகுதி எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளில் போனோம். மொழிபெயர்க்க நான். முன்னால் இருந்த உதவியாளர் பெண், தண்டனையைக் குறைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, அது நீதிமன்ற விஷயம், எம்.பி. தலையிட முடியாது என்றார்.

"குறைக்க வேண்டாம் எண்டு சொல்லும் தம்பி. கூட்டச் சொல்லும்."

சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"யாருக்குக் கூட்ட வேண்டுமாம்?"

"இவருக்குத்தான்" என்றேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கள் கருத்து உரிய அமைச்சின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது என்று ஒரு வரி. அண்ணை அதை லேமினேட் செய்து வேனில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டினார். "இஞ்ச பாரும், மினிஸ்டர் வரைக்கும் போட்டுது" என்று அக்காவிடம் காட்டினார். அக்கா இரண்டு முறை வாசித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லை" என்றார்.

பிறகு கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். பெண்கள் வரிசையில் நின்று போட்டார்கள். சிலர் வராத தங்கைகளுக்கும் சேர்த்துப் போடப் பார்த்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் செருப்பையே விடவில்லை. குளிரில் வெறுங்காலோடு சுற்றிப் போனார்கள். ஒருவர் மட்டும் துணிந்து வந்து நின்றார்.

"அண்ணை, உந்தச் சட்டம் வந்தால் எங்கட கலியாண வீடுகள் என்னத்துக்கு ஆகும்?"

"கலியாண வீடாகும்" என்றார் அண்ணை.

இதற்கிடையே வீட்டில் ஒரு சதி நடந்தது. சதிகாரன் நான். அக்காவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் ரிச் கேக் என்று ஒன்று கொடுப்பார்கள். முந்திரிப்பருப்பும் உலர்ந்த பழமும் ரவையும் சேர்த்துச் செய்து, துண்டு துண்டாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் கேக். பழங்களைப் பிராண்டியில் வாரக்கணக்கில் ஊறப் போட வேண்டும். அந்தக் கேக் அக்காவின் பொறுப்பு. அண்ணையோ மது கலந்திருக்கும் என்று வீட்டில் மவுத்வாஷைக்கூடத் தூக்கி எறிந்தவர். இருமல் மருந்துப் போத்தலின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு இருமிக்கொண்டே இருந்தவர்.

"தம்பி, ஒரு போத்தல் வாங்கி வாரும். அண்ணைக்குத் தெரிய வேண்டாம். பாவம், ஆசையைக் கிளப்பக் கூடாது" என்றார் அக்கா. வாங்கி வந்தேன். அவர் அதைச் சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

கல்யாணம் லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேன் பக்கம். காலை முகூர்த்தம், மதியம் சாப்பாடு. அக்கா வழக்கம்போல் ரயிலும் பஸ்ஸுமாக வந்தார். அண்ணை வேனில் வந்தார். வெளியே டிக்கி திறந்தது. அண்ணை அந்தப் பக்கம் தலையையே திருப்பாமல் உள்ளே உட்கார்ந்து, மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். கடைசியில் கேக் வந்தது. உலகத்தில் உள்ள லேபிளையெல்லாம் படித்த மனிதருக்கு லேபிள் இல்லாத கேக்கில் சந்தேகம் வரவில்லை. மனைவி செய்தது வேறு. தன் பங்கை வாயில் போட்டார். என் பங்கையும் கேட்டு வாங்கிப் போட்டார். நான் பந்தியில் யாரோடோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு உறைக்கவில்லை.

வேனில் போய் ஏறி, "ம்ம்ம்ம்" என்று ஊதினார். கருவி சிவப்பு காட்டியது.

கார் பார்க்கே திரும்பிப் பார்த்தது. டிக்கியைச் சுற்றி நின்றவர்களின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஒருவர் கையிலிருந்த கிளாஸை உயர்த்தி, "வாங்கோ அண்ணை, ஒளிச்சுக் குடிக்கிறதை விட இஞ்ச வந்து குடியுங்கோ" என்றார். பெருஞ்சிரிப்பு.

அண்ணை சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் தொடேல்லை தம்பி, நீர் பாத்தனீர்தானே" என்று என் கையைப் பிடித்தார். அதே நேரம் பஸ்ஸுக்குப் போக அக்கா கைப்பையோடு வாசலில் இறங்கி வந்தார். இத்தனை வருடத்து முனகலும் மனுவும் மினிஸ்டர் கடிதமும் அந்த ஒரு சிவப்பு விளக்கில் கரைந்து போவதை அண்ணை கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா நேரே வந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். அண்ணையின் முகத்தைப் பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கு முன்னால் அவருடைய வாய்க்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்தார்.

"கேக் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். ரெண்டு துண்டு."

அக்கா டிக்கிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பிராண்டி வாங்கினது இந்தத் தம்பி. ஊத்தினது நான். இவர் ஒண்டும் குடிக்கேல்லை. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ." கிளாஸ்கள் கீழே இறங்கின. நான் வேனில் கிடந்த ஒரு முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னால் மறைய இடம் தேடினேன்.

கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்து, வாய் கொப்பளிக்கச் சொன்னார். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் கார் பார்க்கைச் சுற்றி நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பேசினார்களா என்றும் தெரியாது. மூன்றாவது சுற்றில் அண்ணை கைப்பையை வாங்கித் தான் பிடித்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

திரும்பி வந்து ஊதினார். பச்சை. எஞ்சின் எடுத்தது. அண்ணை வழக்கம்போல, "நீர் பஸ்ஸிலை வாரும். நான் பின்னால வாறன்" என்றார்.

அக்கா சுற்றிப் போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"சட்டம் இன்னும் வரேல்லை" என்றார் அண்ணை.

"ரெண்டு துண்டு கேக்குக்கே உங்களை விடாத சாமான், போத்தலுக்கு விடாது" என்றார் அக்கா. "நடு ரோட்டிலை நிண்டு வெக்கப்படவும் நீங்கள் பயப்பிடேல்லை. எனக்கு அது காணும். எடுங்கோ."

என்னை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். நான் ரயிலில் வந்தேன்.

இப்போது நான் வீடு மாறி, லண்டனிலேயே செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கிறேன். சொந்தக் கார் இருக்கிறது, கருவி இல்லை. விழாக்களில் டிக்கி திறக்கும்போது என் கால் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. சட்டம் வரப்போகிறது என்று செய்தி வந்தால் அண்ணைக்கு வாசித்துக் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவேன்.

"சட்டம் வந்திட்டுதோ தம்பி?"

"இன்னும் இல்லண்ணே."

"அண்ணே இல்லை, அண்ணை. வரட்டும், ஆறுதலா வரட்டும். அக்கா ஏறிட்டா. வைக்கிறன்."

வைக்க மாட்டார், மறந்துவிடுவார். ஃபோனில் அந்த "ம்ம்ம்ம்" கேட்கும். அது முடிந்து பச்சை வரும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.