சைலண்ட் சார் சொன்ன தப்பு

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, ஏன், தாய்மாவட்டமான விழுப்புரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிகமாகப் பேசிய மனிதர் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: சைலண்ட் சார்.

பெயர்க்காரணம் உண்டு. இங்கிலீஷில் எந்த வார்த்தையில் எந்த எழுத்து சைலண்ட் என்று காலையில் ஆரம்பித்தால், ஆபீஸ் பூட்டுகிற வரைக்கும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். கல்வராயன் மலையில் விளைகிற சாமை, தினையைக் கொள்முதல் செய்கிற ஆபீஸ் எங்களுடையது. அதில் அவர் சீனியர் கிளார்க். எனக்குப் பக்கத்து நாற்காலி. போன ஜென்மத்துப் பாவம், வேறென்ன.

உச்சரிப்பு பாதி வியாதிதான். மீதிப் பாதி, வார்த்தை எங்கே பிறந்தது என்கிற வியாதி. புதுச் சேலை கட்டி வந்த சூப்பிரண்டு மேடத்திடம் "சேலை நைஸா இருக்குது மேடம்" என்றேன். ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். பக்கத்து நாற்காலி சும்மா இருக்குமா?

"நைஸ்னா ஆதியில இன்னா அர்த்தம் தெரியுங்களா மேடம்? முட்டாள்னு அர்த்தம். லத்தீன்ல ஒண்ணும் தெரியாதவங்கள சொல்றது."

மேடம் அவரை முறைக்கவில்லை. என்னை முறைத்தார். அந்த மாதம் என் லீவு லெட்டர் அவர் மேஜையை விட்டு நகரவே இல்லை.

ஜீப் டிரைவர் ஏழுமலை, ஜிம்முக்குப் போகும் மகனின் போட்டோவைப் பெருமையாகக் காட்டினார். "மசில்னா லத்தீன்ல சுண்டெலிய்யா. தோலுக்கடியில எலி ஓடுற மாதிரி இருக்குதுன்னு வச்ச பேரு" என்றார் இவர். ஏழுமலைக்கு முகத்தில் ஈயாடவில்லை. பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் நான் ஆசையாக அவகாடோ ஜூஸ் வாங்கி வாயில் வைத்தபோது, அந்தப் பேருக்கு அது பிறந்த ஊரில் இருக்கிற இன்னொரு அர்த்தத்தைக் காதோடு சொன்னார். குடும்பங்கள் படிக்கிற பத்திரிகையில் அதை எழுத முடியாது. ஆண்களுக்கு மட்டும் உண்டு, ஜோடியாக உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றிலிருந்து எனக்கு எலுமிச்சை ஜூஸ்தான்.

என்னை உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது வேறொரு வார்த்தை. "வில்லன்னா யாரு தெரியுமா? பண்ணையில வேலை செய்ற ஆளு. அவ்ளோதான் மொத அர்த்தம்."

"சார், எங்கப்பா பண்ணைக் கூலிக்குப் போனவரு."

"அப்ப நீ பரம்பரை வில்லன்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஏழையத் திருடன்னு சொன்னது யாரு? பண்ணை வச்சிருந்தவன். வார்த்தைய அவன்தானய்யா எழுதி வச்சான்."

ஹெல்மெட் இல்லாமல் போனதற்காகத் தன்னைப் பிடித்த போலீஸ்காரருக்கே 'வெஹிகிள்' தப்பு, 'வீயிகிள்'தான் சரி என்று பாடம் எடுத்தவர் அவர். ஃபைனோடு போயிருக்க வேண்டிய விஷயம், சாயந்தரம் வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது. பெஞ்ச் என்கிற வார்த்தையும் பேங்க் என்கிற வார்த்தையும் ஒரே வம்சம் என்று அங்கேயும் ஏட்டய்யாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர்களே கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் சத்யா வந்து மாட்டினாள். வெள்ளிமலையில் இருக்கும் எங்கள் கொள்முதல் மையத்தில் சாமை எடை போடுகிற பெண். அந்த மலையிலேயே பிறந்தவள். பயிற்சிக்காக எங்கள் ஆபீஸுக்கு வந்த முதல் நாளே 'வெட்னஸ்டே' என்று சொல்லிவிட்டாள். சைலண்ட் சார் எழுந்து நின்றார். அந்த 'டி' எப்படி ஊமையானது, வோடன் என்கிற ஒற்றைக்கண் சாமியின் கிழமை எப்படிப் புதன் கிழமையானது என்று டீ வந்து ஆறி ஆடை கட்டும் வரை பேசினார். அதோடு அந்தப் பெண் இங்கிலீஷுக்கே முழுக்குப் போட்டுவிட்டாள். குட் மார்னிங் கூடக் கிடையாது, கைகூப்பி வணக்கம்தான்.

அவள் தலையில்தான் வந்து விழுந்தது டெல்லிக் குழு. மையத்தை மலையிலேயே வைப்பதா, மூடிவிடுவதா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார்களாம். மூடினால் மலைச் சனம் சாமை மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு குடலைப் பிடுங்கும் மலைப்பாதையில் கள்ளக்குறிச்சி வரைக்கும் இறங்க வேண்டும். எடை போடுகிறவர் வாயாலேயே விளக்கம் கேட்போம், இங்கிலீஷில், என்று டெல்லியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

சத்யா போன் செய்தாள். "சார், டெல்லிக்காரங்க வரட்டும், பரவால்ல. அவரு மட்டும் வராம பாத்துக்கங்க சார். அவரப் பாத்தா எனக்கு நாக்கு பொரளாது."

"நான் பாத்துக்கறேம்மா" என்று வாக்குக் கொடுத்தேன். குழு வருகிற நாள் காலையில் ஜீப்பைப் பார்த்தால் முன் சீட்டில் சைலண்ட் சார், சலவைச் சட்டையோடு.

"சார், அங்க வந்து வாயே தொறக்கக் கூடாது" என்றேன்.

"நான் எதுக்குய்யா பேசப் போறேன்?" என்றார். ஜீப் என்கிற வார்த்தை எப்படி வந்தது என்பதற்கு இருக்கிற பலவிதமான கதைகளை வெள்ளிமலை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மையத்து வாசலில் பந்தல். ஒரு பக்கம் டெல்லிக் குழு. இன்னொரு பக்கம், தங்கள் வீட்டுப் பெண் இங்கிலீஷ் பேசுவதைப் பார்க்க வந்த மலைச் சனம், கைக்குழந்தைகளோடு. சத்யா மெல்ல ஆரம்பித்தாள். சாமையை உலர்த்துவது, எடை போடுவது, எல்லாம் சரியாகவே வந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்போது சொன்னாள்: "ஆஃப்டர் வெயிங், வீ கிவ் ரிசிப்ட்."

ரிசிப்ட். 'ரிசீட்' என்று விழுங்கிவிட வேண்டிய அந்த 'ப்' பந்தலுக்குள் விழுந்தது. குழுவில் ஒரு இளம் அதிகாரி பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்யா பார்த்துவிட்டாள். பேச்சு நின்றுபோனது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவளுடைய அம்மா எதுவும் புரியாமல் மகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து சைலண்ட் சார் எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டார். மையம் மூடியாச்சு, எல்லாம் முடிந்தது என்று, எங்களோடு வந்திருந்த சூப்பிரண்டு மேடத்தைப் பார்த்தால், அவர் கண்ணையே மூடிக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்க்யூஸ் மீ, மேடம்" என்றார் சத்யாவிடம். அவளை மேடம் என்றார். "தட் ரி-சிப்ட். டூ யூ கிவ் த ரிசிப்ட் ஆன் த சேம் டே?"

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். சும்மா இல்லை, அந்த 'ப்'பைச் சுத்தியலால் அடித்த மாதிரி சொன்னார், இரண்டு தரம். சிரித்த அதிகாரி சிரிப்பை விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்யா சைலண்ட் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எஸ் சார். சேம் டே ரிசிப்ட்." அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. குழுத்தலைவர் அம்மாள் கடைசியில் எழுந்து, "கேன் ஐ சீ ஒன் ரிசிப்ட்?" என்று கேட்டார். சத்தியமாக, அவரும் 'ப்' சொன்னார். மையம் மலையிலேயே நின்றது.

இறங்கும்போது ஜீப்பில் கேட்டேன். "இன்னா சார், நீங்களா அப்டி சொன்னது?"

"பேசாதய்யா. இன்னும் பல்லு கூசுது" என்று பாட்டில் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார். ரொம்ப தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "இங்கிலீஷுக்கு வந்தப்ப அந்த வார்த்தையில பி-யே கெடையாது. லத்தீன் படிச்ச பெரிய மனுசனுங்க, நாங்க படிச்சவங்கன்னு காட்டிக்கறதுக்காக உள்ள சொருகுனானுங்க. சொருகிட்டு, நீ பேசாதன்னுட்டானுங்க. எழுதியிருக்கறதப் படிச்ச பொண்ணு மேல இன்னா தப்பு?"

"அதுக்கு நீங்களும் தப்பா சொல்லணுமா?"

"ஒருத்தி சொன்னா சிரிப்பானுங்க. ரெண்டு பேரு சொன்னா, இப்டியும் சொல்லுவாங்க போலக்குதுன்னு கம்முனு இருப்பானுங்க. இங்கிலீஷ் வளந்ததே அப்டித்தான்யா."

போன வருஷம் ரிட்டயர் ஆகிவிட்டார். சத்யா இப்போது எங்கள் ஆபீஸிலேயே வேலை செய்கிறாள். அவருடைய நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. சென்னையிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் முந்தாநாள் என்னிடம் பணிவாகச் சொன்னான், "சார், ரிசிப்ட் இல்ல, ரிசீட். அதுல பி சைலண்ட்."

ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. சத்யாதான் பதில் சொன்னாள்: "வெளிய அப்டித்தான் தம்பி. இந்த ஆபீஸ்ல அது பேசும்."

நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் இதை வைத்தே மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசியிருப்பார். பேசட்டுமே என்றிருந்தது எனக்கு.