பருவக்காற்றுக்கு ஒரு வாட்ச்மேன்

தென்மேற்குப் பருவக்காற்றுக்கே வாட்ச்மேன் வேலை பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் காத்து அண்ணாச்சி.

எண்பதுகளின் கடைசியில், காற்றாலை வைக்க இடம் பார்ப்பதற்காகச் சங்கரன்கோவிலுக்கு மேற்கே எங்கள் களத்துப் பக்கம் ஓர் உயரக் கம்பம் நட்டார்கள். அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றிச் சுற்றிக் காற்றை அளக்கும். அதற்குத்தான் அவர் காவல்.

தும்மல் வந்தால் முப்பதடி ஓடிப்போய்த் தும்முவார். அரசாங்கக் காற்றில் தனியார் காற்று கலந்துவிடக் கூடாதாம். ராஜபாளையம் பஸ் போனால் நோட்டில் "பஸ் காத்து" என்று எழுதுவார்.

"ஆபீஸ்ல கழிச்சுக்கிடட்டும்" என்பார்.

ஓர் ஆனி மாதம் சோளம் தூற்றப் போனோம். சிவகிரி மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் வருஷத்துச் சோறு முளைத்துப் போகும். என் மாமியார் தூற்றும் முறமான சொளகைத் தூக்கியதும் அண்ணாச்சி குறுக்கே பாய்ந்தார்.

"யக்கா, கீழ வையிங்க! மேக்க நின்னு அம்புட்டுக் காத்தையும் நீங்க பிடிச்சுட்டா, கிழக்க நிக்குத என் கருவிக்கு என்ன மிஞ்சும்?"

"ஏய்யா, காத்து ஒங்க ஆபீஸ்ல செஞ்சு அனுப்புததா?"

"சிரிக்காதிய. நாளைக்கு ஜீப்புல வாராவ. காத்து கொறஞ்சிருந்தா கம்பத்தைப் பிடுங்கிட்டுப் போயிருவாவ. எம் பொழப்பு?"

எனக்கு ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லை. மாமியார் முதுகுக்குப் பின்னால் நின்றே சொன்னேன்:

"கம்பத்துக்குக் கிழக்க போயிருதோம், அண்ணாச்சி. ஒங்க கருவி பிடிச்சது போக மிச்சக் காத்து எங்களுக்குப் போதும்."

மேகத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

"மிச்சத்தை எடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல" என்றவர், காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றினார். அடித்து வைத்திருந்த சோளம் முழுவதையும் கிழக்கே சுமந்தது அவர்தான். தூற்றி மூட்டை கட்டிக் கொட்டகையில் ஏற்றிய பிறகுதான் சாரல் விழுந்தது.

மறுநாள் வந்த அதிகாரி, கம்பத்துக்குக் கிழக்கே பறந்து கிடந்த பதரைக் காட்டி, "என்னய்யா குப்பை?" என்றார்.

"காத்து நல்லா அடிச்சதுக்கு அத்தாட்சி, சார்!"

கம்பத்தைப் பிடுங்கவில்லை. அவர் வேலையும் போகவில்லை. பிறகு அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றுகூட எங்களைச் சொளகைக் கீழே வைக்கச் சொன்னதில்லை. ஒன்றுகூட இறங்கி வந்து ஒரு கூடை சுமந்ததுமில்லை.