பதினஞ்சு ஆம்ப்ஸ் சாரும் வயர் வைத்த ரம்பமும்

மரம் வெட்டப் போகிற எவனும் முதலில் மரத்தைத்தான் பார்ப்பான். முதலில் பிளக் பாயிண்ட்டைப் பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் தெரு பதினஞ்சு ஆம்ப்ஸ் சார்தான். இல்லை என்று யாராவது சொன்னால் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வாருங்கள். நேரில் பேசிக்கொள்ளலாம்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே, "உங்க வீட்ல பதினஞ்சு ஆம்ப்ஸ் பாயிண்ட் எங்க இருக்கு?" என்பார். கீசர், மோட்டார் சொருகுகிற பெரிய பிளக்கைத்தான் கேட்கிறார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும் கேட்டார். பக்கத்து வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனபோதும் கேட்டார். படப்பை தாண்டி ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஆயிரம் பேரை மிரட்டிய ஆளுக்கு இங்கே மிரட்ட எங்கள் தெருதான் கிடைத்தது. இப்போது நாவலூரில் மகளுடைய ஃபிளாட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். அங்கே யாரை மிரட்டுகிறாரோ தெரியாது.

அப்போதெல்லாம் எனக்கு அவரைப் பிடிக்காது. இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு இடத்தில் நிற்காத ஆள். என் மனைவி சாந்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு ஏழுமலையின் ஆட்டோ வாசலில் நிற்கும். ஒரு நாள் தள்ளிப்போனால் கால் வீங்கும், இரண்டு நாள் தள்ளிப்போனால் மூச்சு முட்டும். அதனால் எனக்கு எப்போதும் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். ஒரு வேலைக்கு ஒன்பது ஏற்பாடு செய்கிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பதினஞ்சு ஆம்ப்ஸ் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். திமிர் என்றுதான் நினைத்தேன். சாந்திதான் ஒரு நாள் சொன்னாள்: "நான் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதாம். அதனால என் எதிர்ல யாரும் குடிக்கக் கூடாதுன்னு அவர் ஒரு ரூல் வெச்சிருக்கார். உங்களுக்கு அது தெரியுமா? என் எதிர்ல சொம்பு சொம்பா குடிக்கிறீங்க."

இது எனக்குத் தேவையா?

அவர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு முருங்கை, ஒரு மா, ஒரு பாதாம். கிளை கழிக்க ஆள் கூப்பிட்டால் இன்று நாளை என்று இழுத்தார்கள். சொந்தமாக ஒரு செயின் ரம்பம் வாங்குவது என்று முடிவு செய்தார். முடிவு செய்ய மூன்று மாதம். வாங்கும் நாளில் துணைக்கு என்று என்னை ஏழுமலையின் ஆட்டோவில் தாம்பரத்துக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் பெரிய மிஷினாக எடுத்து மேசைமேல் வைத்தார். "பெட்ரோல் மாடல் எடுங்க சார். காட்டையே அழிக்கலாம்."

"எனக்குக் காடு இல்ல. நாலு மரம் இருக்கு. பெட்ரோல்ல ஆயில் கலக்கணும். நாலு மாசம் சும்மா வெச்சா கார்புரேட்டர் அடைச்சுக்கும். ஸ்டார்ட் பண்றதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுடும்."

"அப்ப பேட்டரி மாடல்?"

"பேட்டரி நமக்கு வேணுங்கிற அன்னிக்குதான் செத்துக் கிடக்கும். சுவத்துல கரன்ட் ஓடிட்டே இருக்கும்போது அதைப் பெட்டியில அடைச்சு எதுக்குத் தூக்கிட்டு அலையணும்? வயர் வெச்சதை எடுங்க."

எடுத்தார்கள். பதினாறு இன்ச் பிளேடு வேண்டாம், பதினாலு போதும் என்றார். பிளேடு நீண்டால் அதன் மூக்கு கண்ணுக்குத் தெரியாத கிளையில் இடிக்கும், இடித்தால் மிஷின் முகத்துக்குத் துள்ளும் என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். கைக்கு முன்னால் இருக்கிற பிரேக்கைப் பத்து முறை தட்டிப் பார்த்தார். செயினுக்கு எண்ணெய் தானாகப் போகிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துளையைத் தேடினார். கடைசியில், "இதோட வெயிட் எனக்கு ஒத்துவருதான்னு பார்க்கணும்" என்று ரம்பத்தை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்தபடி கடை வாசலைப் பார்த்து நின்றார். அரை மணி நேரம் நின்றார். வாசல்வரை வந்த வாடிக்கையாளர்கள் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். கடைக்காரர் என்னிடம், "சார், ப்ளீஸ், இவரைக் கூட்டிட்டுப் போங்க" என்று கெஞ்சினார்.

மிஷினுக்கு ஆன நேரத்தைவிட வயருக்கு ஆன நேரம் அதிகம். முப்பது மீட்டர், மூன்று கம்பி, விரல் பருமன், ஆரஞ்சு நிறம். மெல்லிய வயர் போட்டால் மோட்டாருக்குக் கரன்ட் போய்ச் சேராது, வயர் உருகும் என்றார். அந்த ஆரஞ்சு வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் இறங்கியபோது ஏழுமலை ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார் இது, மரம் அறுக்குற மிசினுக்கு வாலு கீது?"

"வால் இருக்கிறதுதான்யா நல்லது. அது எட்டுற தூரத்துக்கு மேல நான் போக மாட்டேன்."

"அப்போ இத்த சங்கிலி போட்டு கட்டி வச்சிகினு வளக்கணுமா சார்?"

நான் அன்று முதன்முறையாகச் சிரித்தேன்.

தன் மரங்களை முடித்ததும் தெருவில் மற்ற வீட்டு மரங்களுக்கும் அவரே வந்தார். அவர் வெட்டும் முறையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதலில் ஒரு காந்தத்தை வைத்து மரத்தைத் தடவுவார். எங்கள் பக்கத்தில் டியூஷன் சென்டர் போர்டு, வீட்டு வாடகை போர்டு எல்லாவற்றையும் மரத்தில்தான் ஆணி அடித்து மாட்டுகிறார்கள். ஆணியில் பட்டால் செயின் அறுந்துபோகும். கண்டெடுத்த ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி, போர்டில் இருக்கும் நம்பருக்கு போன் போட்டு, "உங்க ஆணி ஏழு இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க" என்பார். பிறகு வயரைச் சுருளில்லாமல் முழுக்கப் பிரித்துப் போடுவார், சுருளில் சூடேறுமாம். ஏணியில் நின்று வெட்ட மாட்டார். தரையில் நின்று எட்டினால்தான் வெட்டுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே பிளக் டியூட்டி. வீட்டுக்காரர்களில் ஒருவர் சுவிட்சில் விரல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் "ஆன்" என்றால் ஆன். "ஆஃப்" என்று சொல்லும்வரை நகரக் கூடாது. தும்மல் வந்தாலும் அங்கேயே தும்ம வேண்டும். எங்கள் எதிர் வீட்டு டீச்சரின் முருங்கைக் கிளைக்கு இரண்டு மணி நேரம் ஏற்பாடு நடந்தது. வெட்டு பதினோரு வினாடி. நான் எண்ணினேன்.

எங்கள் வீட்டு வேப்பங்கிளைக்கு நான் பிளக் டியூட்டி. அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது, உள்ளே ஓடி அணைத்துவிட்டு வந்தேன். அரை நிமிடம் இருக்கும். வந்து பார்த்தால் ரம்பம் தரையில் கிடக்கிறது, அவர் சுவிட்சை அணைத்துவிட்டு என் இடத்தில் நிற்கிறார்.

"எங்க போனீங்க?"

"பால் பொங்குச்சு."

"பால் பொங்கினா துடைச்சுக்கலாம். என் கை போனா நீங்க துடைப்பீங்களா?"

"யோவ், ஒரு கிளைக்கு இவ்ளோ அலப்பறையா? அருவாளை எடுத்து நாலு போடு போட்டா முடிஞ்சுது!"

மீதிக் கிளையை வெட்டாமல் போய்விட்டார். இரண்டு வாரம் பேச்சு இல்லை. அந்தப் பாதிக் கிளை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் அந்தப் புயல் வந்தது.

செவ்வாய்க்கிழமை தெருவெல்லாம் தண்ணீர். டயாலிசிஸ் போக முடியவில்லை. புதன் முழுக்கக் காற்று. வியாழன் காலை மழை விட்டு, தெருவில் தண்ணீரும் வடிந்திருந்தது. ஆனால் தெருமுனையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, குறுக்கே முழுசாகப் படுத்திருந்தது. ஒரு பக்கம் பூட்டிய கிடங்கின் உயரமான சுவர். மறுபக்கம் காலி மனை, இடுப்பளவு தண்ணீர். தெருவின் அடுத்த முனை ஏரிக்கரையில் முட்டி நிற்கிறது, அங்கே வழியே கிடையாது. ஆள் உயரத்துக்குக் கிளை பின்னிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஏழுமலை ஆட்டோவோடு நின்று கத்தினான்.

"சார்! அக்கா எப்டி கீறாங்க?"

அக்கா நன்றாக இல்லை. கடைசியாகச் சனிக்கிழமை போனது. ஐந்து நாள் தண்ணீர் உடம்பிலேயே இருந்தது. படுத்தால் மூச்சு வரவில்லை என்று விடியவிடிய உட்கார்ந்தே இருந்தாள். ஒரு வாக்கியம் பேச மூன்று முறை நிறுத்தினாள். அவசர எண்ணுக்கு அடித்தால் ஊர் முழுக்க மரம் விழுந்திருக்கிறது, வரிசையில் வருவோம் என்றார்கள்.

பதினஞ்சு ஆம்ப்ஸ் சார் ரம்பத்தோடு வந்து நின்றார். தெருவில் கரன்ட் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

"சுவத்துல கரன்ட் ஓடிட்டே இருக்கும்னு சொன்னீங்களே! எங்க சார் ஓடுது? பெட்ரோல் மிஷின் வாங்கியிருந்தா இந்நேரம் அவ ஆஸ்பத்திரியில இருப்பா! வாலைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க!"

அவர் தெரு பாதியில் இருந்த அபார்ட்மெண்ட்டைக் காட்டினார். அங்கே லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் ஜெனரேட்டர் உண்டு. பிளக் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வாட்ச்மேன் ஜெனரேட்டர் அறையைத் திறந்துவிட்டார். ஆரஞ்சு வயரை இழுத்தோம். மரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் வயர் நின்றுவிட்டது.

அவர் மரத்தைச் சுற்றிப் பார்த்து, எந்தக் கிளை எங்கே அழுந்தி நிற்கிறது என்று தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஓடிப்போய் எங்கள் வீட்டு டிவி பின்னால் கிடந்த மெல்லிய நீள வெள்ளை வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொண்டுவந்து, அவருக்குத் தெரியாமல் சொருகி, "வந்துடுச்சு, வெட்டுங்க!" என்று கத்தினேன். அவர் விசையை அழுத்தினார். ரம்பம் ஒரு முக்கு முக்கியது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பெட்டியிலிருந்து புகை. ஜெனரேட்டர் நின்றது.

என் தப்பு. அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கருகிய வெள்ளை வயரைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கறுப்புக் கேபிள். அவர் வீட்டு போர் மோட்டாருக்கு ஸ்டார்டர் பெட்டியிலிருந்து சுவரோரமாக ஓடிய கேபிள். இரண்டு முனையிலும் அறுத்து எடுத்துவிட்டார். கரன்ட் வந்தாலும் இனி அவர் வீட்டில் சொட்டுத் தண்ணீர் ஏறாது.

"சார், உங்க மோட்டார்..."

"வாட்ச்மேனை விட்டு ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்க. நீங்க பிளக் டியூட்டி."

இணைப்பைச் சுற்றி டேப் ஒட்டி, ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் முக்காலிமேல் வைத்தார். கம் பூட்ஸ், ஹெல்மெட். "ஆன்!"

போட்டேன்.

ஜெனரேட்டர் அறையிலிருந்து மரம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ரம்பம் கத்தும், நிற்கும், மறுபடி கத்தும். சாந்தி தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கால் துடித்தது. ஓடிப் பார்த்துவிட்டு வரலாம் என்று பத்து முறை தோன்றியது. விரலை எடுக்கவில்லை. கொசு கடித்தது, எடுக்கவில்லை. ரம்பம் கடைசியாக நின்றது. "ஆஃப்" வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வேர்த்துக் கொட்டியது. ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். கத்திப் பார்த்தேன், ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்படியும் நின்றேன். வாட்ச்மேன்தான் கடைசியில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இன்னும் இங்கியே நின்னுகினு கீறே? அம்மாவ நாற்காலியோட தூக்கிகினு போய் ஆட்டோல ஏத்தி அனுப்பியாச்சே!"

"கூட யார் போனது?"

"பதினஞ்சு ஆம்ப்ஸ் சார்தான். மிசின அப்டியே கீழ போட்டுட்டு ஏறிகினாரு."

சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினேன். மரத்தின் நடுவே ஒரு நாற்காலி நுழையும் அளவுக்குச் சந்து. அதற்கு மேல் ஒரு இன்ச் வெட்டவில்லை. ஈரத் தரையில், அதுவரை கரன்ட் பாய்ந்துகொண்டிருந்த வயரோடு, யாரும் பார்க்க ஆளில்லாமல் ரம்பம் கிடந்தது. முப்பது வருட சேஃப்டி ஆபீசர் செய்த வேலை அது.

ஆஸ்பத்திரிக்கு நான் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. நர்ஸ், "சரியான நேரத்துக்கு வந்துட்டாங்க, மெஷின்ல போட்டாச்சு, நாலு மணி நேரம் ஆகும்" என்றார். வெளியே பெஞ்சில் அவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க மரத்தூள், புருவத்திலும் மரத்தூள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தலை சரிந்து என் தோளில் விழுந்தது. நல்ல கனம். நாலு மணி நேரமும் தோள் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.