நாலாவது கால்

"நாலாவது கால் எங்கே?"

நூர் முகம்மது ராவுத்தர் கோபத்தில் கேட்கவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. முந்தின நாள்தான் ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் காய்ந்து ஒட்டியிருந்த பிரியாணிச் சோற்றைச் சுரண்டி முடித்திருந்தார். இருந்த தெம்பெல்லாம் அதிலேயே போய்விட்டது.

"படத்துல இல்லியே மொதலாளி," என்றார் முப்பிடாதி ஆசாரி. "மூணுதான் தெரிஞ்சுது. மூணு வச்சுட்டேன்."

நாற்காலி இருவருக்கும் நடுவில் நின்றது. உட்கார வெற்றிலை வடிவில் ஒரு பலகை, சாய வளைவாக இன்னொரு பலகை, விரித்து வைத்த மெலிந்த கால்கள். முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று. கை இல்லை, கடைசல் இல்லை, மருந்துக்கு ஒரு பூ வேலைகூட இல்லை. வேலை பாதியில் நின்றதா, முடிந்ததா என்றே சொல்ல முடியவில்லை.

படம் போர்ட் கொச்சியிலிருந்து வந்தது. கப்பல் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் மானேஜர் துரையின் மனைவி, எல்லோரும் மதாம்மா என்று சொல்லும் அந்த அம்மாள், ஏதோ சீமைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, பங்களா பட்லர் அப்புவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இதேபோல ஒரு டஜன் வேண்டும். பிடித்துவிட்டால் பங்களா முழுவதற்கும், கம்பெனி கெஸ்ட் ஹவுசுக்கும் ராவுத்தர் கடைச் சாமான்தான். அதற்குப் பிறகு மட்டாஞ்சேரியில் எவன் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் ராவுத்தர் நாற்காலி சுமக்க வேண்டாம், சோறு சுரண்ட வேண்டாம். அவருடைய இடுப்பு அந்த ஒரு நினைப்பில்தான் இன்னும் நிமிர்ந்திருந்தது.

"அது மறைஞ்சு நிக்குது ஆசாரி. முன்னங்காலுக்குப் பின்னால. படம் எடுத்தவன் ஒரு பக்கமா நின்னு எடுத்திருக்கான்."

"அப்ப அந்தம்மாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுரலாம்லா?"

அங்கேதான் சிக்கல். படத்தை அப்பு நீட்டியபோது, ராவுத்தர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இதா? பழைய மாடலாச்சே! பத்து வருஷமா செய்யறேன்னு மதாம்மாகிட்ட சொல்லு," என்று சொல்லியனுப்பிவிட்டார். பத்து வருஷமாகச் செய்கிறவன் கால் எத்தனை என்று போய்க் கேட்க முடியுமா?

எதற்கும் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று மச்சான் அபூபக்கரைக் கூப்பிட்டார். நல்ல கனமான மனிதர். அபூபக்கர் உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை. அவருடைய தங்கையும் ராவுத்தரின் மனைவியுமான ஷரீஃபா சாயா கொண்டுவந்து பக்கவாட்டில் நீட்டினாள். அபூபக்கர் அந்தப் பக்கம் சரிந்து கையை நீட்டினார். அவ்வளவுதான். சாயா ஒரு பக்கம், அபூபக்கர் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம்.

"கண்டீரா?" என்றார் ராவுத்தர். "நாலாவது கால் இல்லாததுதான்."

"எந்தா மச்சான், என்னை வச்சா பரீட்சை?" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

நாலாவது கால் தீர்மானமாயிற்று. விழுந்த நாற்காலியை ஷரீஃபா மூலையில் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் குடிதண்ணீர்க் குடத்தை ஏற்றிவிட்டாள். அதற்கு அந்த மரியாதை போதும் என்று ராவுத்தரும் விட்டுவிட்டார்.

பன்னிரண்டு நாற்காலிகளும் நாலு காலோடு தயாராயின. முதல் நாற்காலியைக் கடைத் தரையில் வைத்ததும் டக்கென்றது. கையை எடுத்தால் மறுபடியும் டக்.

கடை முன்பு சுக்கு மிளகுக் கோடவுனாக இருந்த இடம். மட்டாஞ்சேரிக் கொச்சங்காடித் தெருவில் பாதிக் கடைகள் அப்படித்தான். அந்தக் காலத்து மூட்டைகள் இழுபட்டு இழுபட்டுக் கல்தரை தேய்ந்திருந்தது. ராவுத்தர் அதன்மேல் இருபது வருஷமாக நடக்கிறார். நடந்து பழகிய தரையை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

"ஒரு கால் நீளம் ஆசாரி. சீவும்."

முப்பிடாதி சீவினார். அங்கே நின்றது, இங்கே வைத்தால் ஆடியது. எதிர்க்காலைச் சீவினார். இங்கே நின்றது, அங்கே ஆடியது. ஒன்றைக் குறைத்தால் மற்ற பதினொன்றையும் அதற்குச் சமமாகக் குறைக்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் நாற்காலிகள் எல்லாம் ஒரு சாண் குட்டையாகிவிட்டன. ஆட்டம் மட்டும் குறையவில்லை.

அபூபக்கர் மறுபடியும் உட்கார்த்தப்பட்டார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"இது நாற்காலியா, குளிமுறியில உக்காந்து குளிக்கிற முக்காலியா?" என்றார். "இனி எந்திரிக்கணும்னா ஆள் பிடிக்கணும்."

"சும்மா இரு மச்சான். எனக்குத் தலையே வெடிக்குது."

கடைசியில் பழைய சைக்கிள் டயரைத் துண்டு துண்டாக நறுக்கி, கால்களுக்கு அடியில் ஆணி அடித்தார்கள். உயரம் கொஞ்சம் ஏறியது. ஆட்டம் இப்போது டக்கென்று கேட்காமல் பொத்தென்று கேட்டது. அதையே ராவுத்தர் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டார். வேறு எதை எடுத்துக்கொள்ள அவரிடம் சக்தி இருந்தது?

"என்னங்க," என்றாள் ஷரீஃபா, "அந்த மொத நாற்காலி மேல கொடம் வச்சு எத்தனை நாளாச்சு, ஒரு சொட்டு தளும்பல்லே. அதுக்கு என்ன கொறச்சல்?"

"உன் அண்ணனைக் கேளு கொறச்சல் என்னன்னு," என்று சொல்லிவிட்டுக் கைவண்டியில் சாமானை ஏற்றினார். அவருக்குப் பேச வேண்டும் போல இல்லை. எங்கேயாவது படுக்க வேண்டும் போல இருந்தது.

போர்ட் கொச்சி பங்களா பரங்கிகள் காலத்துக் கட்டடம். நீளமான ஹாலில் நாற்காலிகளை வரிசையாக இறக்கியதும், அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பொத் பொத்தென்று ஆடத் தொடங்கின. கடையில் சும்மா நின்றவைகூட இங்கே ஆடின. ராவுத்தர் மண்டியிட்டு, பையிலிருந்த பீடிக்கட்டுக் காகிதத்தை மடித்து மடித்து ஒவ்வொரு காலுக்கும் அடியில் செருகினார். இங்கே செருகினால் அங்கே தூக்கியது. அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. யா அல்லா, இந்த ஒரு தடவை மட்டும் நிற்க வைத்துவிடு!

மதாம்மா வந்தாள். ஒரு நாற்காலியைச் சுற்றி நடந்தாள், குனிந்தாள், விரலால் ஒவ்வொரு காலாகத் தொட்டாள். அப்புறம் அப்புவைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அதில் 'போர்' என்ற ஒரு வார்த்தை மட்டும் ராவுத்தருக்குப் புரிந்தது.

உடனே எழுந்து நின்றார். நாலு விரலை உயர்த்திக் காட்டினார்.

"எஸ் மேடம்! போர்! வெரி ஸ்ட்ராங்!"

மதாம்மா அந்த நாலு விரலையும், அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவில்லை. பெருமூச்சு விட்டபடி உள்ளே போய்விட்டாள்.

"என்ன அப்பு, பிடிச்சுப் போச்சோ?"

அப்பு கையிலிருந்த தட்டைப் பக்கத்து நாற்காலிமேல் வைத்தான். அது சரிந்தது. தட்டைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டான்.

"உங்க கடைத் தரை போலத்தான் ராவுத்தரே, இந்தப் பழைய வீட்டுத் தரையும், மேடும் பள்ளமுமா கிடக்கறதுல நாலு கால் வச்ச எதுவும் ஆடாம நிக்காதுன்னுதானே மதாம்மா தேடித் தேடி அந்த மூணு கால் நாற்காலியைக் கண்டுபிடிச்சது!"