மூன்றாவது மொட்டைமாடி பதில் சொல்லவில்லை

திம்யாத்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த நஜ்லா அக்காவுக்கு, உன் சித்தி மகள் ரிஹாப் எழுதுவது. ஸலாம். நீயும் மச்சானும் போர்ட் சயீதில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள்வானாக. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் எனக்குப் பேச்சு வராது; இதைப் போர்ட் சயீத் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவிடமிருந்து இரண்டு வாரமாக அழைப்பு இல்லை. வியாழக்கிழமை அவர் கப்பல் ஜித்தாவில் நிற்கும். அன்று போன் திரையில் அவர் முகத்தைப் பார்க்காவிட்டால் பிறகு நோன்புப் பெருநாளுக்குத்தான். இணையம் கெட்டுவிட்டது என்று அம்மா முடிவு கட்டினாள். நம் தெருவில் ஒரே இணைப்புதான் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கம்பியில் தாவி வருகிறது என்பது உனக்குத் தெரியுமே. நீ காட்டிக்கொடுத்தபடி பழைய கணினியில் வழி பார்க்கும் கட்டளையைத் தட்டினேன். அது வழியிலுள்ள ஒவ்வொரு பெட்டியையும் மூன்று முறை கூப்பிட்டு, யார் பதில் சொன்னார்கள் என்று வரிசையாகக் காட்டும். முதல் வரி நம் வீடு, பதில் வந்தது. அடுத்தது உம்மு ஸகி வீடு, வந்தது. மூன்றாவது, புறா வளர்க்கும் ஹாஜி தர்தீரி வீடு. அங்கே பதிலுக்குப் பதில் மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும்.

"பாத்தியா, அந்தப் புறாக்காரன்தான் லைனைப் புடிச்சு வச்சிருக்கான்" என்றாள் அம்மா.

நான்காவது வரியிலிருந்து கடைசி வரை பதில் வந்திருக்கிறது, ஹாஜி வீட்டுப் பெட்டி வாய் திறக்காவிட்டாலும் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடத்தி விடுகிறது என்று சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை. அதற்குள் அம்மா மாடியில் நின்றாள்.

"ஹாஜி, என் வீட்டுக்காரர் கடல்ல கிடக்கிறாரு. நீ அவர் குரலைப் புடிச்சுப் புறாவுக்குத் தீனி போடுறியா?"

"உம்மு ரிஹாப், உன் வீட்டுக்காரர் குரல் என் புறாவுக்குச் செரிக்காதும்மா."

தெருவே சிரித்தது. அதோடு நின்றிருக்கலாம். "அடுத்தவன் புறாவை மயக்கி இறக்குற ஆளுதானே நீ. புறாக்காரன் சாட்சி எந்தக் கோர்ட்டுல எடுபடும்?" என்று அம்மா கேட்டுவிட்டாள். நம் ஊரில் புறா வளர்ப்பவரைப் பொய்யன் என்று திட்ட அதைவிடப் பெரிய வசை உண்டா? ஹாஜியின் முகம் செத்துப்போயிற்று. குறடை எடுத்துக் கம்பியை வெட்டி, புறாக்கூண்டுக் காலில் சுற்றினார்.

"இப்ப நெசமாவே நான்தான் புடிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

இப்போது உம்மு ஸகி வீட்டுக்கு அப்பால் எல்லாமே நட்சத்திரம். வியாழனுக்குள் மச்சானை அனுப்பு அக்கா, எங்களுக்கு வேறு ஆள் இல்லை. உன் வீட்டில் சிரிப்பும் ரொட்டியும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ரிஹாப்

பி.கு: மச்சான் வர வேண்டாம். கடிதத்தை மடித்த பிறகு அம்மாவின் போனைப் பார்த்தேன். அப்பாவின் எண் தடை செய்த எண்களில் இருக்கிறது. "உங்கப்பாவோட சண்டை போட்ட அன்னிக்கு ஒரு ராத்திரிக்குன்னுதான் பூட்டுனேன். திறக்க மறந்துட்டேன். ஹாஜிகிட்ட சொல்லிடாத" என்று அம்மா போர்வைக்குள்ளிருந்து சொல்கிறாள். பூட்டைத் திறந்துவிட்டேன், இப்போது கம்பி இல்லை. அதனால் நான்தான் ஹாஜி வீட்டுக்குப் போகிறேன். மூன்று முறை தட்டுவேன். பதில் வராவிட்டாலும் உள்ளே அவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். நான்காவது முறையும் தட்டுவேன்.