சீட்டுக்கு அடியில் வெந்த தோசை

நான் என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்ட நாட்களில்தான் எனக்குப் பெரிய அடியெல்லாம் விழுந்திருக்கிறது. முட்டாள் என்று நினைத்துக்கொண்ட நாட்களில் ஒன்றுமே ஆனதில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

கயல், இளங்கோ, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் சிநேகிதர்களும் படிக்கலாம். கவிதா அத்தையின் பிள்ளைகள் என்னை ஏன் ‘எஞ்சின் மாமா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் உங்கள் அம்மா ஒரு கதை சொல்லியிருக்கிறாள். அதில் நான் ஒரு கோமாளி. உண்மையில் நடந்தது என்ன என்று நானே எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்று உட்கார்ந்தேன். (எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். மிஞ்சலை.)

அப்போது நீங்கள் இருவரும் பிறக்கவில்லை. கோவில்பதாகையில் இதே வீடுதான். முன்னறையில் கிரைண்டர் வைத்து உங்கள் அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். நான் ஒரு சின்ன பிக்கப் வண்டி வாங்கி, மண்ணூர்பேட்டையில் லோடு வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டில் சவாரிக்கு நிற்பேன். வண்டி புதுசு. பெயின்ட் வாசனை போகவில்லை. ஆனால் வாங்கிய முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. அதை டிசைன் போட்டு வரைந்தவர் ஒரு நாள்கூட அதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேர் அதே வண்டிதான் வைத்திருந்தோம். டீ குடிக்கும்போது வேறு பேச்சே கிடையாது. இடது பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடி அந்தக் கதவில்தான் இருக்கும். ஓட்டுகிறவர் கைக்கு எட்டாது. ஸ்டெப்னி டயர் வண்டிக்கு அடியில் தொங்கும். பஞ்சரானால் ரோட்டில் மல்லாந்து படுத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து சீட்டில் கனமாக எதை வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று வண்டி ‘கீங் கீங்’ என்று கத்தும். வெங்காய மூட்டைக்கெல்லாம் பெல்ட் மாட்டி ஓட்டியிருக்கிறோம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. எஞ்சினைக் கொண்டுபோய் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து இறங்கி, சீட்டைத் தூக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டினாலே சூடு மேலே ஏறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அதில் உட்கார்ந்து ஓட்டுவது ஒரு வேண்டுதல் மாதிரி. எல்லோருமே சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவோம்.

“வரைஞ்சவன் ஏசி ரூம்ல குந்திகினு வரைஞ்சிருப்பான் மாமே. அவனுக்கு இன்னா, அவன் சீட்டா சுடுது” என்பான் மணி. ஸ்டாண்டில் என் நெருங்கிய கூட்டாளி அவன்தான்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் சீட் சுடும் என்று எனக்குத் தெரியும். தினமும் சாக்கின்மேல் உட்கார்ந்து ஓட்டுகிற ஆள் நான்.

அந்த மே மாதம் கவிதாவுக்கு வானகரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முந்தின நாள் சாயந்திரம் வரவேற்பு. அதற்கு இட்லி, சாம்பார், மூன்று வகைச் சட்னி. சமையல் ஒப்பந்தம் எடுத்திருந்த பாண்டியன் மாஸ்டர், மாவையும் தானே கொண்டு வருவதாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. எங்கள் வீட்டு மாவில்லாமல் என் தங்கை கல்யாணத்தில் இட்லியா என்று பெரிய மனிதர் மாதிரி பேசினேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், “எங்க வீட்டு இட்லிய சாப்ட்டுப் பாருங்க மாமா, அப்புறம் வேற எடத்துல இட்லி எறங்காது” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். “அப்டியா” என்றார். அந்த ‘அப்டியா’ என்னோடு வீடுவரை வந்தது. மாவு சரியாக வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலை குனிவது நான் மட்டும் இல்லை, கவிதாவும்தான்.

அம்மா அதிகாலையிலேயே எழுந்து அரைத்தாள். வெயில் நாளாயிற்றே, சாயந்திரத்துக்குள் சரியாகப் பொங்கி வந்துவிடும் என்று கணக்கு. பாதி மாவு தூக்குவாளிகளில், மீதிப் பாதி ஒரே பெரிய பிளாஸ்டிக் டிரம்மில். எல்லாவற்றையும் பின்னால் வைத்து, நனைத்த சாக்கைச் சுற்றி, மேலே தார்ப்பாய் போடச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளித்துப் புடவை மாற்றப் போனாள்.

நான் தூக்குகளை அப்படியே வைத்தேன். டிரம்மைத் தூக்கும்போதுதான் எனக்கு அந்தப் புத்திசாலித்தனம் வந்தது. பின்பக்கம் திறந்தவெளி. இரும்புத் தரை கொதிக்கிறது. இத்தனை மாவையும் வெயிலில் கொண்டு போவதா? முன்னால் கூரை இருக்கிறது, நிழல் இருக்கிறது, கண் முன்னாலேயே இருக்கும். டிரம்மைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். வண்டி ‘கீங் கீங்’ என்றது. பெல்ட்டை இழுத்து மாட்டினேன். ரொம்பப் பாந்தமாக இருந்தது, ஏதோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி.

(ஆமாம். என் சீட்டில் சாக்கு போட்டு உட்கார்ந்துதான் இதையும் செய்தேன். இரண்டு சீட்டுக்கும் எஞ்சின் ஒன்றுதானே என்று தோணவே இல்லை.)

அம்மா வந்து பார்த்தாள். அவள் உட்கார வேண்டிய இடத்தில் டிரம் உட்கார்ந்திருந்தது. நேராகப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஏறும்போது, “பொண்டாட்டிக்கு எடமில்ல, மாவுக்கு சீட் பெல்ட்டு” என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வந்தால் இந்த வரி வெளியே வரும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி ரோடு பிடித்தேன். பருத்திப்பட்டு தாண்டும்வரை எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் வண்டிகள் நின்றன. முன்னால் எங்கேயோ ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நகர்ந்தால் ஒரு வண்டி நீளம், இல்லையென்றால் அதுவும் இல்லை. எஞ்சினை அணைக்கவும் பயம். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவதற்குள் பின்னால் இருப்பவர்கள் என் வம்சத்தையே விசாரிப்பார்கள்.

முதலில் ஒரு சின்னச் சத்தம். ‘புளுக்’. நான் ஏதோ வால்வு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. திரும்பிப் பார்த்தால், டிரம்மின் மூடி மெல்ல மேலே வருகிறது. யாரோ உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி.

இடது கையால் மூடியை அமுக்கினேன். வண்டி நகர்ந்தது; கியர் போடக் கையை எடுத்தேன்; மூடி எழுந்தது. அமுக்கினேன், நகர்ந்தது, எடுத்தேன், எழுந்தது. பிறகு மூடி நிற்கவில்லை. வெள்ளை வெளேரென்று மாவு விளிம்பைத் தாண்டி, எந்த அவசரமும் இல்லாமல், பெல்ட் வழியாக இறங்கியது. சீட்டுக்குப் போனது. சீட்டிலிருந்து இடுக்குக்குப் போனது. இடுக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

‘சொய்ங்’ என்று கேட்டது.

அப்புறம் வாசனை வந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தீய்ந்த நாற்றம் வந்திருந்தால்கூட ஒரு மரியாதை. நல்ல தோசை வாசனை வந்தது. மதிய வெயிலில் பசியோடு நிற்கிற அத்தனை பேரும் மூக்கைத் தூக்கினார்கள். பைக்கில் இருந்தவர்கள் ரோட்டோரத்தில் ஹோட்டல் எங்கே என்று தேடினார்கள். இடது பக்கம் ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி என் வண்டிக்குள் பார்த்தார். பெல்ட் போட்டுக்கொண்டு பொங்கி வழிகிற டிரம்மைப் பார்த்தார். அதன் தலையை அமுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“அண்ணாத்தே, ஊட்ல துன்றதுக்கு நேரமில்லன்னு வண்டிலயே சுட்டுகினு போறியா?”

நான் கேட்காத மாதிரி நேராகப் பார்த்தேன்.

“சட்னி இன்னா, டிக்கிலயா கீது?”

கண்ணாடியை ஏற்றிவிடலாம் என்றால் அந்தப் பிடி எட்டாது. வழி கிடைக்கும்வரை அவர் என் கூடவேதான் வந்தார். பக்கத்து வண்டிகளுக்கும் விவரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாயந்திரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வேன் அப்போதுதான் வாசலில் நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னீர் தெளிக்கிறார்கள், சந்தனம் கொடுக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே நான் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். மாவு என்னோடு இறங்கியது. சட்டையில் மாவு, பேன்ட்டில் மாவு, காதில்கூட மாவு. மாப்பிள்ளையின் பெரியம்மா சந்தனம் தொட நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, வண்டிக்கு ஏதாவது அபிஷேகம் பண்ணினீர்களா என்று உண்மையாகவே கேட்டார்.

பாண்டியன் மாஸ்டர் ஓடி வந்தார். டிரம்மை இறக்கலாம் என்றால் பெல்ட் கழலவில்லை. பூட்டுக்குள் மாவு போய்ச் சூட்டில் இறுகியிருந்தது. நான் அமுக்கினேன், மணி அமுக்கினான் (கல்யாணத்துக்கு எனக்கு முன்னாடியே வந்துவிட்டிருந்தான், பாவி), மாஸ்டர் கரண்டிக் காம்பால் தட்டினார். ஊஹூம். கடைசியில் மாஸ்டர் ஒரு அண்டாவைக் கதவோரம் வைத்து, சொம்பை எடுத்து, டிரம்மில் மிச்சம் இருந்த மாவை வண்டியிலேயே மொண்டு மொண்டு ஊற்றினார். விருந்தாளிகள் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள்.

மாஸ்டர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. புளிப்பு. இட்லிக்கு ஆகாது.

அந்த நேரத்தில் கவிதா வந்துவிட்டாள். மேக்கப் பாதி, முடி பாதி. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“அண்ணா, இட்லி இருக்கா இல்லயா? அத மட்டும் சொல்லு.”

நான் டிரம்மைத் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோவில் முன்பே வந்திருந்த அம்மாதான் வண்டிக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள். ஈரச் சாக்குக்குள் தூக்குகள் குளுகுளுவென்று இருந்தன. மூடியைத் திறந்தால் மாவு பூப்போலப் பொங்கி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றிருந்தது. “பாதி இருக்கு கவி. நீ போய் முடியப் பின்னு” என்றாள்.

பாண்டியன் மாஸ்டர் மாவை இரண்டாகப் பிரித்தார். தூக்கு மாவில் இட்லி ஊற்றி மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு அனுப்பினார். புளித்த மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி அள்ளிப் போட்டு ஊத்தப்பமாக வார்த்து எங்கள் பந்திக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் முறுகுகிற வாசனை மண்டபம் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் முதலில் எழுந்து எங்கள் பக்கம் வந்தார்கள். அப்புறம் பெரியவர்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவே வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். மூன்று ஊத்தப்பம் சாப்பிட்டார். எனக்குப் பேச்சைவிட அதுவே போதுமாக இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. மணமக்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். மணி, நண்பன் வண்டி நாறுகிறதே என்ற நல்ல எண்ணத்தில், பூட்டில் வெந்நீர் ஊற்றிப் பெல்ட்டைக் கழற்றி, சீட்டைத் தூக்கியிருக்கிறான். எஞ்சின்மேல் ஒரு தோசை இருந்திருக்கிறது. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் எஞ்சினின் மேடு பள்ளம் அப்படியே அச்சாக விழுந்து, ஒரே துண்டாக. அதைப் பெயர்த்து, வாழையிலையில் வைத்து, நேரே மணமக்கள் பந்திக்கே கொண்டு வந்துவிட்டான்.

“மாப்ள, இது உங்க மச்சான் சுட்ட தோச. எண்ணகூட ஊத்தல, ஒட்டவே இல்ல பாரு.”

மாப்பிள்ளையின் அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தட்டினார். டக் டக் என்றது. அவர் முகத்தில் ஒரு லேத் தொழிலாளியின் பாராட்டு தெரிந்தது. “ஃபினிஷிங் நல்லாருக்கு” என்றார். மாப்பிள்ளை, அதாவது உங்கள் மாமா, வாய்விட்டுச் சிரித்தார். கவிதாவும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணிலிருந்து மை வழிந்தது. அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர்கள், என் செலவில் கூச்சம் தெளிந்தார்கள்.

பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எஞ்சினைச் சீட்டுக்கு அடியில் வைத்தது யார் என்று கோபமாகவே கேட்டேன். அங்கிருந்தவர் நிதானமாக, மாவை எஞ்சின்மேல் வைத்தது யார் என்று திருப்பிக் கேட்டார். நான் பில்லைக் கட்டிவிட்டு வந்தேன். வண்டியில் புளிப்பு வாசனை அடுத்த மழைக்காலம்வரை இருந்தது. சவாரி கேட்டு வருபவர்கள் ஏறி உட்கார்ந்ததும் பசிக்கிறது என்பார்கள்.

போன மாதம் நாம் நால்வரும் புது வண்டி பார்க்க அம்பத்தூர் ஷோரூமுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கரன்ட்டில் ஓடுகிற வண்டி. அந்த விற்பனைப் பையன் ஒவ்வொன்றாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். இடது கண்ணாடிக்கு ஓட்டுகிறவர் பக்கமே சுவிட்ச். ஸ்டெப்னி பக்கவாட்டில். நான் மனம் நெகிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் சீட்டைத் தட்டிப் பார்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

“ஒண்ணுமே இல்லமா. எஞ்சினே கெடையாது. நாள் பூரா ஓட்டினாலும் சீட் சூடாவாது.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பில்லை.

“சூடே ஆவாதா? அப்ப இவரு தோசைக்கு எங்க போவாரு?”

நீங்கள் இருவரும் ஷோரூம் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். அந்தப் பையன் உங்களைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் என்னிடம் வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

“சார், ஹோட்டல் வச்சிருக்கீங்களா?”