ஈயம் என்றால் எந்த ஈயம்?

மயிலாப்பூர்,
17.6.1994

சிரஞ்சீவி ஸ்ரீரங்கனுக்கு,

உன் மன்னி ஹம்சா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு கிணற்று பம்ப் உட்பட யாவரும் நலம். ரசம் மட்டும் நலமில்லை, காரணம் நீ.

பம்பின் பேரிங் தேய்ந்ததும் மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான், "பழைய பம்ப், மெதுவா ஓடுது, பேரிங் உள்ள உருக்கி ஊத்த காரீயக் கலவையே போதும்மா" என்றார். நீயோ கே.கே. நகரிலிருந்து தொலைபேசியில் உலோகவியல் வகுப்பே எடுத்தாய். காரீயக் கலவை மலிவு, ஆனால் பளு தாங்காது. வெள்ளீயக் கலவை வேகத்தையும் தாங்கும், அரிக்கவும் அரிக்காது. இரண்டுமே மென்மையானவை, விழுகிற தூசியைத் தமக்குள் அமுக்கிக்கொண்டு, சுழலும் தண்டுக்குக் கீறல் படாமல் காப்பவை. இந்தக் குடும்பத்து மருமகள்கள் இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை என்பதால் நான் குறுக்கிடவில்லை.

நீ வாங்கித் தந்த வெள்ளீயக் கட்டி மோட்டார் அறையில் கிடக்க, நான் லஸ் பக்கம் போயிருந்த நேரத்தில் நீ போன் செய்து, சமையல்கார செண்பகத்திடம், "ஹபீப் வந்தா ஈயத்தை எடுத்துக் குடு" என்றாயாம். அவளும் எடுத்துக் கொடுத்தாள், உன் அம்மா எனக்குத் தந்த ஈயச் சொம்பை. கேட்டால், "ஈயம்னா ரசம் வெக்கிறதுதானம்மா, வேற ஈயம் இன்னா கீது நம்மகிட்ட?" என்கிறாள். ஹபீபைக் கேட்டால், "எனக்கும் மனசு கேக்கலம்மா. இஞ்சினியர் சார் ஆர்டர்னு அந்தம்மா சொல்லிச்சு. பெரியவங்க வீட்டு விஷயம், நான் இன்னாத்த கேக்க?" என்கிறார். உருக்கி, கலந்து, ஊத்தி, மாட்டி, பம்ப் ஜம்முனு ஓடிண்டிருக்கு. வேதியியலில் எம்.எஸ்ஸி. வாங்கினவள் எவர்சில்வர் பாத்திரத்துல ரசம் வெச்சு, வெறும் புளித்தண்ணியைக் குடிச்சுண்டிருக்கேன்.

ஆகவே, அம்மா உன் மனைவி நீரஜாவுக்குத் தந்த ஜோடிச் சொம்பை வரும் ஞாயிறன்று கொண்டுவந்து ஒப்படைக்கவும். சொக்க வெள்ளீயம் என்று அம்மா வாயாலேயே சொன்ன சரக்கு, மறுபேச்சு வேண்டாம். நீரஜா அழுதால் அழைத்து வந்து பம்பைக் காட்டு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் உலோகவியலுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
ஹம்சா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், உருக்காமல் மிஞ்சிய சொம்பின் விளிம்புத் துண்டை ஹபீப் கொண்டுவந்து தந்தார். வளைத்துப் பார்த்தேன், வெள்ளீயமானால் கிறீச்சிடும், இது வாயே திறக்கவில்லை. காகிதத்தில் தேய்த்தேன், பென்சில் போல் கோடு விழுந்தது. முக்கால்வாசி காரீயம். பம்ப் அதில்தான் அமோகமாக ஓடுகிறது. ஜோடிச் சொம்பு எனக்கு வேண்டாம்; நீரஜாவிடம் அதில் ரசம் வைப்பதை இன்றே நிறுத்தச் சொல். காரீயம் மூளையை மழுக்கும் என்பது தெரிந்ததே. இத்தனை வருஷம் உங்கள் குடும்பத்தில் நான் வாய் திறவாமல் இருந்ததற்கு இப்போதுதான் காரணம் விளங்குகிறது.